மஞ்சள் துணியில் நீல மீன்

ஆத்தப்பனின் தண்ணீர் லாரி வீரபாண்டிப் பிரிவைத் தாண்டி வந்து வேகத்தைக் குறைத்தது. இடதுபக்கம் ஓரங்கட்டினாலே கன்னையனின் மெக்கானிக் பட்டறை வந்துவிடும். பதினோரு வருஷமாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு மனுஷர் கையை வெளியே நீட்டி, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, ரோட்டைக் குறுக்கே வெட்டி, வலதுபக்கம் இருந்த டேனியலின் பட்டறைக்குள் வண்டியை விட்டார். தன் வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த கன்னையன் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். கடைசி வாய் டீ ஆறிப்போயிருந்தது. அதற்கும் டேனியல்தான் காரணம் என்று அவனுக்குத் தோன்றியது.

பொறாமை என்று யாராவது சொன்னால் கன்னையனுக்குக் கோபம் வரும். எனக்கென்ன பொறாமை, என் வேலை எனக்கு, அவன் வேலை அவனுக்கு என்பான். சொல்லி வாய் மூடுவதற்குள், டேனியல் பட்டறையில் இன்றைக்கு எத்தனை வண்டி நிற்கிறது என்று சரியாகச் சொல்வான். எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை மணிக்கு வந்தது என்பதும் தெரியும். தன் பட்டறையில் நிற்கிற வண்டிகளைப் பற்றி அதே விவரத்தைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பான்.

டேனியல் அனுப்பர்பாளையத்துக்காரன். கன்னையனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிரே பட்டறை போட்ட அன்று ரோட்டைத் தாண்டி வந்து, உங்களுக்கு எதிர்த்தாற்போலக் கடை போடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று கும்பிட்டான். கன்னையனும் சிரித்த முகமாகத்தான் அனுப்பினான். உள்ளே எரிந்தது வேறு. டேனியல் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினான். கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் பரப்பி, இதனால்தான் கோளாறு என்று வண்டிக்காரருக்குக் காட்டினான். கன்னையனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. 'ஒண்ணுமில்லீங்க, சரியாப்போச்சு' என்பதோடு அவனுடைய விளக்கம் முடிந்துவிடும். ஆனால் வண்டிக்காரர்களுக்குப் பேப்பரில் பரப்பிய சாமானைப் பார்ப்பதில் ஓர் ஆசை வந்துவிட்டது. போதாததற்கு ஆவணி மாதத்தில் டேனியல், என்ஜினுக்கு டீசல் தெளிக்கிற நாசில்களைச் சோதித்துப் பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கி இறக்கினான். ரோடே அங்கே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலம் முழுக்கக் கன்னையன் வேலை செய்தான் என்றுதான் பேர். கண் அங்கேதான் இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆத்தப்பனின் வண்டி போனதை எப்படிப் பொறுப்பது? மழை பொய்த்த 2003ஆம் வருஷம் அது. சாயப்பட்டறைகள் தண்ணீருக்குப் பறந்தன. பல்லடம் பக்கம் தோட்டமும் வற்றாத கிணறும் வைத்திருந்த ஆத்தப்பன், தானே லாரி ஓட்டித் தினமும் எட்டு நடை, பத்து நடை கொண்டுவந்து ஊற்றினார். அவர் எந்தப் பட்டறையில் வண்டியை விடுகிறாரோ அங்கேதான் மற்றத் தண்ணீர் லாரிக்காரர்களும் விடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஆயுதபூஜை. அன்றைக்கு வண்டிகளையெல்லாம் கழுவி, மாலை போட்டு, வழக்கமாக வேலை பார்க்கிற பட்டறை வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். முதலில் நிற்கிற வண்டியின் சக்கரத்துக்கு மெக்கானிக் தன் கையால் எலுமிச்சம்பழம் வைப்பான். கன்னையன் பட்டறையில் அந்த முதல் வண்டி பதினோரு வருஷமாக ஆத்தப்பனுடையது. பூஜைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. அந்த வண்டி எதிர் வரிசையில் போய் நின்றால் கன்னையன் கதை முடிந்தது என்று அர்த்தம். ரோட்டில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆத்தப்பன் சும்மா போய்விடவில்லை. பத்து நாளாக அவர் வண்டி நடுவழியில் நின்று நின்று போனது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். நாலைந்து கிலோமீட்டர் ஓடும். பிறகு இழுக்காது, இருமும், அணைந்துவிடும். சாவியைத் திருகினால் மோட்டார் சுற்றும், என்ஜின் எழாது. கால் மணி நேரம் விட்டுத் திருகினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். டீசல் பைப்பில் காற்றுப் புகுந்திருக்கிறது என்று கன்னையன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். கை பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி, சரியாப்போச்சு என்று அனுப்பினான். அடுத்த நாள் நின்றது. மறுபடியும் காற்றை எடுத்தான். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை சாயப்பட்டறை கேட்டுக்கு முன்னாலேயே குறுக்காக நின்றுவிட்டது. உள்ளே துணி பாதிச் சாயத்தில் தண்ணீருக்குக் காத்திருந்தது. மேனேஜர் வெளியே வந்து, நாலு பேர் முன்னால் ஆத்தப்பனைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில், தோட்டம் துரவு உள்ள மனுஷர், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் இடதுபக்கம் ஓரங்கட்ட அவருக்கு என்ன தலையெழுத்து?

அன்று கன்னையன் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கியர்பாக்ஸைக் கழற்றினான். எதிரே டேனியல் டீசல் ஃபில்டரை மாற்றினான். பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தான். நாசில்களை அந்தப் பாழாய்ப்போன மிஷினில் வைத்து ஒவ்வொன்றாகத் தெளித்துப் பார்த்தான். சாயங்காலம் நாலு மணிக்கு ஆத்தப்பன் மேனேஜரைச் சமாதானப்படுத்த சாயப்பட்டறைக்குக் கிளம்பிப் போனார். அந்த நேரத்தில் டேனியல் டீசல் டேங்க் பக்கம் வெகுநேரம் குனிந்திருந்தான். என்ன செய்கிறான் என்று பார்க்கக் கன்னையன் எழுந்தே நின்றான். சரியாக அந்நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நடுவில் நின்று ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்தபோது டேனியல் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு ஆத்தப்பன் வந்தார், வண்டியை எடுத்தார், போனார். கன்னையனுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் இறங்கியது. அந்நேரத்துக்கு, பெருமாள்சாமி என்கிற இன்னொரு தண்ணீர் லாரிக்காரர், ஆத்தப்பனின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து டேனியல் பட்டறையில் விட்டார். கன்னையனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டு வடை வாங்கிவரச் சொல்லித் தின்றான். பெருமாள்சாமி டயருக்குக் காற்றுப் பிடிக்க வந்தபோது, எங்கே நின்றது, எப்படி நின்றது, ஆத்தப்பன் முகம் எப்படி இருந்தது என்று விலாவாரியாகக் கேட்டு மகிழ்ந்தான். அதே நாலாவது கிலோமீட்டர்தானாம். பெருமாள்சாமி இன்னொன்றும் சொன்னார். நேற்று டேனியல் பேப்பரில் எதையும் பரப்பிக் காட்டவில்லையாம். என்ன இருந்தது என்று ஆத்தப்பன் கேட்டதற்கு, தூசிதான் என்று சொல்லிவிட்டானாம். அவனிடம் காட்ட என்ன இருக்கிறது என்று கன்னையன் சிரித்தான்.

சிரித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் பார்த்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. டேனியல் பட்டறையில் துணி காயப்போடுகிற கம்பியில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. மஞ்சளில் நீல மீன்.

இந்தத் துணி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். திருப்பூரில் பட்டறைகளில் கை துடைப்பதும் கிரீஸ் துடைப்பதும் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியில்தான். மூட்டை மூட்டையாக எங்கும் கிடைக்கும். ஆனால் கன்னையன் பட்டறைத் துணி அப்படிப்பட்டதல்ல. அவன் மனைவி மயிலாத்தாள் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். அங்கே வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை ஓடியது, மஞ்சள் துணியில் நீல மீன்கள் அச்சடித்தது. வெட்டில் தப்பான துண்டுகளைக்கூட வெளியே விற்கக்கூடாது என்பது ஆர்டர் கொடுத்தவன் கட்டளை. மயிலாத்தாளின் நல்ல பேருக்காகக் கம்பெனி மேனேஜர் மாதம் ஒரு சிறு கட்டு கொடுப்பார், கிரீஸ் துடைக்க மட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. அதனால் அந்த ரோட்டில் மீன் துணி கன்னையனிடம் மட்டும்தான் இருந்தது. டேனியலிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மீன் இப்போது டேனியல் கம்பியில் தொங்கியது. துவைத்து வேறு போட்டிருந்தான். வேறு யாராயிருந்தாலும், அது எப்படி அங்கே போனது என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். கன்னையன் யோசிக்கவில்லை. ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டான்.

சாயங்காலம் கம்பெனி விட்டு வந்த மயிலாத்தாள் எப்போதும்போலப் பட்டறையில் கால் வைத்தாள். வைத்த கால் எடுக்கும் முன் கேட்டான்.

"ஏ புள்ள, எதிர்ப் பட்டறைக்கும் துணி குடுக்கறயா நீ?"

"என்ன துணிங்க?"

அவன் தாடையால் கம்பியைக் காட்டினான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நா ஏனுங்க குடுக்கறேன்? அந்தத் தம்பிகிட்ட நின்னு பேசுனதுகூட இல்லீங்க."

"பின்ன, மீனு ரோட்டத் தாண்டி நீந்திப் போச்சா?"

மயிலாத்தாளுக்குக் கோபம் வந்தால் சத்தம் ஏறாது, குறையும்.

"அந்தப் பக்கமே பாத்துப் பாத்து உங்களுக்குக் கண்ணு கெட்டுப்போச்சுங்க. கொண்டாந்து குடுக்கறது என்ற வேலை. எத்தனை இருக்குது, எங்க போச்சுன்னு எண்ணி வெக்கறது உங்க வேலைங்க. இனி இந்தத் துணி இந்தப் பட்டறைக்கு வராது."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். அன்று வீட்டில் தட்டு வந்தது, சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

மறுநாள் காலையில்தான் கன்னையன் கனவில்கூடக் காணாத அந்தக் காட்சி நடந்தது. டேனியல் ரோட்டைத் தாண்டி வந்து அவன் முன்னால் நின்றான்.

"அண்ணா, ஒரு எட்டு வந்து பாருங்ணா. எனக்கு இந்த வண்டி பிடிபட மாட்டீங்குது. பதினொரு வருசம் பாத்த கை உங்களுது."

கன்னையன் உடனே எழுந்துவிடவில்லை. கையில் இருந்த நட்டை நிதானமாக முறுக்கினான். உள்ளே போய்த் தலை சீவினான். துவைத்த காக்கிச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன்போல ரோட்டைத் தாண்டினான். டேனியல் பட்டறையில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஆத்தப்பன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பார்க்க, டேனியல் தன் வாயால் தோல்வியை ஒப்புக்கொண்டு தன்னைக் கூட்டிவந்திருக்கிறான். இந்தச் சுகத்துக்காக ஆத்தப்பன் வண்டி இன்னும் பத்துத் தடவை நின்றாலும் தகும் என்று கன்னையனுக்கு இருந்தது.

ஒரு கேனும் ரப்பர் டியூபும் வேண்டும் என்றான். கேட்டு வாய் மூடுவதற்குள் டேனியல் கழுவித் துடைத்த ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்து வைத்தான், டியூபைச் சொருகியே வைத்திருந்தான். கன்னையன் அதைக் கவனித்தான், யோசிக்கவில்லை. டேங்கிலிருந்து வருகிற பைப்பைக் கழற்றிவிட்டு, கேனில் டீசல் ஊற்றிக் கேபினில் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்கு டியூப் கொடுத்தான். ஆத்தப்பன் ஓட்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். நாலாவது கிலோமீட்டர் வந்தது, போனது. எட்டுக் கிலோமீட்டர் போய்த் திரும்பினார்கள். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

கன்னையன் இறங்கி, வாழ்க்கையில் முதல்தடவையாக விளக்கம் சொன்னான். கேனிலிருந்து டீசல் குடித்தால் ஓடுகிறது, டேங்கிலிருந்து குடித்தால் நிற்கிறது. அப்படியானால் என்ஜினில் கோளாறு இல்லை, பம்பில் இல்லை, நாசிலில் இல்லை. நாசில் என்று சொல்லும்போது அந்த மிஷினை ஒரு பார்வை பார்த்தான். டேங்குக்குள் ஏதோ கிடந்து, டீசலை உறிஞ்சுகிற பைப்பின் வாயை ஓட ஓட அடைக்கிறது. வண்டி நின்றால் உறிஞ்சல் நிற்கும், அது விலகிக்கொள்ளும், கால் மணி கழித்து மறுபடி ஓடும். டிரைவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மிஷினெல்லாம் வாங்கி வைத்திருக்கிறவனுக்கு ஒரு கேன் தோன்றவில்லையே என்று கன்னையனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

டேங்கின் மேல்மூடியைத் திறந்து பைப்பை வெளியே எடுத்துவிட்டு, கையை உள்ளே விட்டான். டேனியல் பக்கத்தில் டார்ச் பிடித்திருந்தான். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால். விரல் நுனியில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தான். டீசலில் ஊறிய துணி. கிழிந்த பாதித் துணி. மஞ்சள். அதில் ஒரு மீனின் வால்.

கன்னையனின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆவணியில் இதே டேங்கைத் தாங்குகிற இரும்புப் பட்டை உடைந்து, டேங்கைக் கீழே இறக்கி, பட்டையை வெல்டிங் வைத்தவன் அவன்தான். பைப் இறங்குகிற ஓட்டையில் தூசி விழாமல் இருக்க மீன் துணியைச் சுருட்டி அடைத்தவனும் அவன்தான். சாயங்காலம் டேங்கை ஏற்றிப் பைப்பைப் பொருத்தும்போது எதிரே மிஷின் வந்து இறங்கியது. ரோடே கூடி நின்றது. கண் அங்கே இருக்க, கை தன்பாட்டில் பைப்பைச் சொருகியது. ஓட்டையில் இருந்த துணியை எடுத்தோமா என்று அவன் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. பைப்பே துணியைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டிருக்கிறது. மூலையில் சுருண்டு கிடந்த சனியன் மெல்ல மெல்ல விரிந்து, பைப் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"என்னப்பா இருந்துது?" ஆத்தப்பன் பின்னாலிருந்து கேட்டார்.

கன்னையன் கையை மூடினான். மூடிய கை காக்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டு வெளியே வந்தது.

"துருங்ணா. பழைய டேங்கு. உரிஞ்சு அடைச்சுக்குது."

ஆத்தப்பன் உடனே தலையாட்டிவிடவில்லை. திரும்பி டேனியலைப் பார்த்தார். பேப்பரில் பரப்பிக் காட்டுகிறவனைப் பார்த்தார். "அப்படியா, டேனியலு?"

டேனியல் டார்ச்சை அணைத்தான்.

"ஆமாங்க. துருதானுங்க. அண்ணன் கை பட்டாத்தான் அதுக்குத் தெரியுது."

பைப்பைப் பொருத்தி, காற்றை எடுத்து, சாவியைத் திருகினார்கள். என்ஜின் முதல் திருகலிலேயே எழுந்தது. ஆத்தப்பனின் முகத்தில் பத்து நாளைக்குப் பிறகு ரத்தம் வந்தது. கன்னையனின் தோளைத் தட்டி, பூஜைக்கு முதல் வண்டியாக வந்து நிற்கிறேன் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். டிரைவர்கள் கன்னையனைத் தலையில் தூக்கி வைக்காத குறை. எந்த வார்த்தைக்காக இரண்டு வருஷமாக ஏங்கினானோ அந்த வார்த்தையெல்லாம் காதில் விழுந்தது. அவனோ கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே காய்ந்துகொண்டிருந்த துணியும் பாதித் துணிதான். ஓரம் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தில் ஒரு மீனின் தலை. அதன் வால் அவன் சட்டைப் பையில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் டேனியல் முதல் நாளே டேங்குக்குள் கை விட்டிருக்கிறான். பாதி கிழிந்து வந்திருக்கிறது. அது யார் பட்டறைத் துணி என்று ரோட்டில் எல்லாருக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாதா? மறுநாள் வண்டி திரும்ப நின்றபோது மீதிப் பாதி எங்கே கிடக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். ஆத்தப்பனைக் கூப்பிட்டு, ஏழெட்டுப் பேர் பார்க்க, பேப்பரில் அந்த மீனைப் பரப்பியிருக்கலாம். பரப்பியிருந்தால் கன்னையன் பட்டறையை அன்றைக்கே பூட்டியிருக்கலாம். அவன் பரப்பவில்லை. கேனைக் கழுவி வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தான்.

எல்லாரும் போன பிறகு டேனியல் கம்பியிலிருந்து துணியை எடுத்து மடித்து நீட்டினான். "உங்க துணிங்ணா," என்றான். அவ்வளவுதான். குத்திக்காட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. கன்னையன் வாங்கி அதே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். தாண்டும்போது உள்ளே எரிந்த எரிச்சல் இரண்டு வருஷத்தில் எரிந்தது எல்லாவற்றையும்விடப் பெரிது. மிஷின் என்றால் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். சோப்பு மூன்று ரூபாய். இது எங்கே விற்கிறது?

அன்று காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்த மயிலாத்தாள் பையைத் துழாவினாள். இரண்டு துண்டையும் வெளியே எடுத்துத் திண்டின்மேல் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்துப் பார்த்தாள். மீன் முழுசாகிவிட்டது. அவன் எல்லாவற்றையும் சொன்னான், சந்தேகப்பட்டது தப்பு என்பதை மட்டும் சொல்லாமல். அவள் கேட்டுக்கொண்டு, அந்தத் தம்பி ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டாள். அதுதான் தெரியவில்லை என்றான் கன்னையன். தெரிந்தால் தூக்கமாவது வரும்.

ஆயுதபூஜை அன்று ரோட்டின் இரண்டு பக்கமும் வாழைக்கன்றும் மாவிலையும் மேளச் சத்தமுமாக இருந்தது. டேனியல் சர்ச்சுக்குப் போகிறவன். அவன் பட்டறையில் டிரைவர்களே ஸ்பேனர்களைக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். அவன் ஓரமாக நின்று எல்லாருக்கும் பொரி கடலை அள்ளிக்கொடுத்தான். கன்னையன் பட்டறை வாசலில் வரிசையின் முதலில், சம்பங்கி மாலையும் குங்குமமுமாக ஆத்தப்பனின் வண்டி நின்றது. கம்பெனி லீவு என்பதால் மயிலாத்தாளும் வந்திருந்தாள். கன்னையன் தட்டிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, முன்சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தான். குனிந்தவன் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தான். டேனியல் பொரிப் பாத்திரத்தோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சந்தித்ததும் சிரித்தான். கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் கன்னையன் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்திருப்பான். அது நல்ல சிரிப்பு. அவனுக்காகச் சந்தோஷப்படுகிற சிரிப்பு.

அதுதான் தாங்கவில்லை. இனி இந்த வண்டி ஒவ்வொரு வருஷமும் வந்து நிற்கும். ஒவ்வொரு வருஷமும் எதிரே நின்று அவன் இப்படிச் சிரிப்பான். அவன் போட்ட பிச்சையில் நான் பழம் வைப்பதா? அவன் ஒரு படி மேலே, நான் ஒரு படி கீழேயா? கன்னையனுக்கு அந்த நிமிஷம் நல்ல புத்தி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பொறாமைதான் அவனை எழுப்பி நிறுத்தியது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆத்தப்பன் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, அன்னைக்கு டேங்குல இருந்தது துரு இல்லீங்க. என்ற துணி. ஆவணியில டேங்கு ஏத்தறப்ப நாந்தானுங்க உள்ள உட்டுப்போட்டேன். டேனியலுக்கு மொத நாளே தெரியும். என்ற பேரு கெட்டுப்போகும்னு சொல்லாம இருந்துட்டான்."

வரிசையில் நின்றவர்கள் கிட்டே வந்தார்கள். ஆத்தப்பன் வெள்ளை வேட்டியின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அப்ப, அந்தக் கேட்டு முன்னால நின்னு நான் வாங்குன பேச்சு, உன்ற துணிக்கா கன்னையா?"

"ஆமாங்ணா."

ஆத்தப்பன் கன்னையன் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். கேபினில் ஏறினார். சாவியைத் திருகினார். ஒரே திருகல். என்ஜின் இருமாமல், முனகாமல், சுத்தமாக எழுந்தது. பதினோரு வருஷத்தில் அந்த வண்டி இவ்வளவு நன்றாக எழுந்து கன்னையன் கேட்டதில்லை. ஆத்தப்பன் கையை வெளியே நீட்டி, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்த, கன்னையன் கை பட்டுச் சரியான வண்டி மாலையோடு ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போனது.

எதிர் வரிசையில் நின்றவர்கள் விலகி முதலிடத்தைக் கொடுத்தார்கள். ஆத்தப்பன் இறங்கி எலுமிச்சம்பழத்தை டேனியல் கையில் கொடுத்தார். அவன் பொரிப் பாத்திரத்தைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற கன்னையனைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. குனிந்து பழத்தை வைத்தான். ஆத்தப்பன் மறுபடி ஏறி வண்டியை நகர்த்தினார்; சக்கரம் ஏறிப் பழம் நசுங்கியது. அவ்வளவு மேளச் சத்தத்திலும் அந்தச் சத்தம் தனக்குக் கேட்டது என்று கன்னையன் பிற்பாடு சத்தியம் செய்வான்.

"வயிறு எரியுதுங்களா?" மயிலாத்தாள் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"எரியுது புள்ள," என்றான் கன்னையன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒத்துக்கொண்டான்.

அவள் பையிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். மஞ்சள் துணி, நீல மீன், புதுக் கட்டு. கொண்டுவரமாட்டேன் என்று சொன்னவள்தான். "எண்ணி வெச்சுக்குங்க," என்றாள். "வேலைக்கு முந்தி ஒருக்கா, வேலை முடிஞ்சு ஒருக்கா."

கன்னையன் வாசல்படியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தான். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டு எண்ணத் தொடங்கினான். ஏழு வரைக்கும் ஒழுங்காக வந்தது. எட்டாவதை எடுக்கும்போது கண் தானாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தபோது எத்தனை எண்ணினோம் என்பது மறந்துவிட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ண வேண்டியிருந்தது.